அந்த விடியற்காலை 5 மணி

நேற்று அலமாரியை ஒதுக்கும்போது பழைய மைலோ டின் கிடைத்தது. உள்ளே அந்த டிக்கெட்.

1993 ஆகஸ்டு 29, சிங்கப்பூர், காலாங் தேசிய விளையாட்டரங்கம். மைக்கேல் ஜாக்சனுக்கு அன்று 35 வயது, எனக்கு 15. அண்ணன் தோளைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தேன். மறுநாள் அவருக்கு உடம்பு முடியாமல் நிகழ்ச்சி தள்ளிப்போனது. அந்த வாரம்தான் அவர் ஒரு சிறுவனிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாகப் புகாரும் செய்தியில் அடிபட்டது. டின்னை மூடிவைத்தேன்.

அப்புறம் 2005 ஜூன் 14. இங்கே விடியற்காலை 5 மணி தாண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில், வேறொரு சிறுவன் தொடர்பாக அவர்மீது நடந்த அதே மாதிரி வழக்கில் தீர்ப்பு. டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டேன். 'குற்றவாளி அல்ல' என்று 14 முறை வாசித்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு ரசிகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் புறாவைப் பறக்கவிட்டார். தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா எழுந்து வந்து, "விட்டுட்டாங்கதானே, ஏன்டா அழுவுற?" என்றார்.

மாதக்கணக்கில் உட்கார்ந்து வழக்கைக் கேட்ட ஜூரிகள் 12 பேரின் முடிவை நம்புகிறேன். ஆனால் அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வந்ததே இல்லை. இதனாலேயே இரண்டு நண்பர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சரி, போகட்டும்.

டிக்கெட்டில் எழுத்து மங்கிவிட்டது. மடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.