எழுதியவர் நம்மை எப்படி இணங்க வைக்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை எழுதும் முறை

பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்வியைப் பற்றித்தான். ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, 'இதை எழுதியவர் வாசகரை எந்தெந்த வழிகளில் இணங்க வைக்கிறார்?' என்று தேர்வில் கேட்பார்கள். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகளும் எல்லோருக்கும் தெரியும்: தர்க்கம், உணர்ச்சி, பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை. லோகோஸ், பேத்தோஸ், ஈத்தோஸ் என்று வகுப்பிலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனாலும் மதிப்பெண் பாதியில் நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். 'இங்கே புள்ளிவிவரம் வருகிறது, ஆகவே தர்க்கம். இங்கே குழந்தை அழுகிறது, ஆகவே உணர்ச்சி' என்று பெயரை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் புள்ளிவிவரம் அந்த இடத்தில், அந்த வாசகரிடம் என்ன வேலை செய்தது என்பதைச் சொன்னால்தான் அது விடை. ஆகவே பகுதியைப் படித்ததும் ஓரத்தில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேட்கிறவர் யார், அவர் ஏற்கெனவே எதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதைப் பழக ஆங்கிலப் பகுதியில் தொடங்க வேண்டாம் என்பேன். நம் எல்லோருக்கும் தெரிந்த சிலப்பதிகார வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். 'நீ யார்' என்று பாண்டியன் கேட்கிறான். கண்ணகி உடனே சிலம்பைப் பற்றிப் பேசுவதில்லை. புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். அடுத்து மாசாத்துவானின் குடும்பம், கோவலனின் மனைவி, கடைசியில்தான் தன் பெயர். 'நம்பத் தகுந்தவள்' என்ற இடத்தை இப்படிப் பிடிக்கிறாள். அதே வாக்கியத்துக்குள் பசுவின் கண்ணீரும் இருக்கிறது, உன் நீதி அந்த நீதிக்கு ஈடாகுமா என்ற கேள்வியும் மறைந்திருக்கிறது. ஒரு வாக்கியம், மூன்று வேலை. மூன்று வழிகளையும் மூன்று தனிப் பத்தியாகப் பிரித்து எழுதினால் இது கையில் சிக்காது.

அப்புறம் தர்க்கம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் பொது விதி ஒன்றைச் சொல்கிறான். அந்த விதியோடு அவள் மல்லுக்கு நிற்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று மட்டும் சொல்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று மறுபாதியை மன்னனே தன் வாயால் சொல்லிவிடுகிறான்! வாதத்தின் ஒரு பகுதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ளும் முறையை அரிஸ்டாட்டில் என்தைமீம் என்கிறார். அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகு அவள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது நம்பகத்தன்மையில். எழுதியவரின் பட்டம், பதவி, வாங்கிய விருது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாக விலக்குகிறார்: அந்த நம்பிக்கை பேச்சின் வழியாகவே வர வேண்டும், பேசுகிறவரைப் பற்றி முன்பே இருக்கும் எண்ணத்தால் அல்ல. எப்படி வரும்? விஷயம் தெரிந்தவர், நேர்மையானவர், என் நன்மையை நினைப்பவர் என்று மூன்றும் தோன்றும்போது. எதிர்க்கருத்தை மரியாதையோடு எடுத்துச் சொல்வது, தெரிந்த அளவுக்கு மட்டும் பேசுவது, ஊர்ப்பெயரும் தேதியும் சரியாக இருப்பது, இவையெல்லாம் பகுதிக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய அடையாளங்கள்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுக்கும் ஓர் அண்ணாச்சி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரிடம் உட்கார்ந்து அழுவார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறு வரிசையில் எழுதுவார். ஏன் என்று கேட்டேன். "ஆபீசர் மொத நாலு வரிதான் நல்லா படிப்பாரு தம்பி. அதுக்குள்ள நீ யாரு, எந்தக் குளம், எந்த மடைன்னு தெரிஞ்சிரணும். அழுகைய பின்னால வச்சுக்கிடலாம்" என்றார்.

கடைமடை விவசாயியின் மனு ஒன்றை மனதில் வைத்துப் பாருங்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் இருக்கிறது, கால்வாயும் திறந்தாயிற்று, மேல்மடைக் குளங்கள் நிரம்பிவிட்டன, எங்கள் குளத்துக்கு மட்டும் வரவில்லை என்றால் அது தர்க்கம். அதிகாரியே 'அப்படியானால் நடுவில் எங்கேயோ அடைப்பு' என்ற முடிவுக்கு வருவார். பிசான சாகுபடிக்கு நட்ட நெல் பொதி கட்டும் நேரத்தில் கருகுகிறது என்ற ஒரு வரி, அதற்குப் பிறகு வந்தால் நெஞ்சில் தைக்கும். முதலிலேயே வந்தால் வழக்கமான புலம்பலாகப் போய்விடும். வரிசையும் இணங்க வைக்கும் கருவிதான். விடைத்தாளில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே எழுதினால் கவனம் பெறும்.

சரி, இப்போது ஆங்கிலப் பகுதிக்கு வரலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. அவருடைய போராட்டம் விவேகமற்றது, காலம் பொருந்தாதது என்று அறிக்கை விட்ட வெள்ளை இன மதகுருமார் எட்டுப் பேருக்கு அது பதில். கேட்கிறவர் யார் என்ற குறிப்பு இங்கே எவ்வளவு உதவுகிறது பாருங்கள். அவர்களை 'சக மதகுருமாரே' என்று அழைக்கிறார், அவர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை என்கிறார். அநீதியான சட்டத்தை மீறலாம் என்று வாதிட, கிறிஸ்தவ இறையியல் அறிஞர்களான அகஸ்டினையும் அக்வினாஸையும் சாட்சிக்கு அழைக்கிறார். அந்த மதகுருமார் தூக்கி எறிய முடியாத பெயர்கள் அவை. தர்க்கமும் நம்பகத்தன்மையும் இங்கே ஒரே கயிறாக முறுக்கப்பட்டிருக்கின்றன.

'பொறுத்திருங்கள்' என்ற அறிவுரைக்கு அவர் சொல்லும் பதில் முன்னூறு சொற்களைத் தாண்டும் ஒற்றை வாக்கியம். கறுப்பினக் குழந்தைகளை உள்ளே விடாத கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று ஆறு வயது மகளிடம் விளக்கத் திணறும் இடம் அதில்தான் வருகிறது. 'இது உணர்ச்சி' என்று எழுதி நிறுத்தாதீர்கள். 'பொறுத்திருங்கள் என்றவர்களை, முடியாமல் நீளும் ஒரு வாக்கியத்துக்குள் பொறுத்திருக்க வைக்கிறார். காத்திருப்பின் வலியை வாசகரே அனுபவித்த பிறகுதான், இனியும் காத்திருக்க முடியாது என்ற முடிவு வருகிறது' என்று எழுதுங்கள். உணர்ச்சி எந்த வாதத்தைத் தாங்குகிறது என்பது அதில் தெரியும்.

மேற்கோளை நீளமாகப் பெயர்த்து எழுத வேண்டாம். நாலைந்து சொல் போதும், நேரத்தை விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாதம் பலவீனமாகத் தோன்றினால் அதையும் காரணத்தோடு எழுதலாம்.

ஒரே ஒரு வகைப் பகுதியில், அதாவது நையாண்டியில், மட்டும் இந்த முறை தலைகீழாகும். ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729-இல் வெளியிட்ட 'எ மாடஸ்ட் புரொபோசல்' அப்படிப்பட்டது. அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளில் ஒரு லட்சம் பேரை ஒரு வயதில் உணவுக்கு விற்கலாம் என்று நிதானமாகக் கணக்குப் போடுகிறது அந்தக் குரல். எனக்கு இதில் லாபம் இல்லை, என் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது என்று நேர்மைக்குச் சான்றும் தருகிறது. கணக்கு எவ்வளவு கச்சிதமோ, நமக்கு அவ்வளவு கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைக் கிளப்பத்தான் கணக்கே. இப்படி ஒரு பகுதி வந்தால், பேசுகிற குரல் வேறு, எழுதியவர் வேறு என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டு மேலே போங்கள்.