மீட்டிங்கை யார் போட்டது?

கொஞ்ச நாள் முன்புவரை எங்கள் அலுவலகத்துக் கண்ணாடி அறை வியாழக்கிழமை மூன்று மணியானால் சிவப்பாகிவிடும். கதவோரம் மாட்டியிருக்கும் சின்னத் திரையைச் சொல்கிறேன், சிவப்பென்றால் அறையை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. அந்த வாராந்தர மீட்டிங்கைப் போட்ட மேலாளர் வேலையை விட்டுப் போய் மாதக்கணக்காகியிருந்தது, மீட்டிங் மட்டும் போகவில்லை. வெளியே நாலு பேர் லேப்டாப்பைத் திறந்தபடி கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் போன் வரும். “அக்கா, ரூம் காலியாத்தானே இருக்கு, உள்ள போகலாமா?” போங்கப்பா, தாராளமா போங்க.

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் மூன்று இயக்குநர்களின் காலண்டரைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எந்த மீட்டிங்கைப் பற்றி யார் புலம்பிக்கொண்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது, “யார் போட்டது?” எத்தனை மணி, எந்த ரூம், யார் யார் வருகிறார்கள் எல்லாம் அப்புறம். எல்லாரும் பார்க்கிற காலண்டர் என்று பேர்தானே தவிர, அதில் இருக்கும் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் நகல். உங்கள் நகலை அழித்தால் உங்கள் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அறையும் ஒரு நகல் வைத்திருக்கிறது. சொந்தக்காரர் ரத்து செய்யும்வரை அது பாட்டுக்குச் சிவப்பாகிக்கொண்டே இருக்கும்.

காலண்டருக்கென்று நாங்கள் வைத்திருக்கும் அவுட்லுக்கில் அந்தச் சொந்தக்காரர் பெயரை இன்னொருவர் பெயருக்கு மாற்றப் பொத்தான் கிடையாது. கூகல் கேலண்டரில் மாற்றலாம். இதைச் சொன்னால் ஐடி தம்பி முகம் சுருங்கிவிடும், அதனால் சொல்வதில்லை. அவன் கையில் வேறொரு வழி இருக்கிறது: போகிறவரின் கணக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு கட்டளை கொடுத்தால், அவர் போட்ட வருங்கால மீட்டிங் எல்லாவற்றுக்கும் ரத்துக் கடிதம் போய்விடும். கணக்கையே நீக்கிய பிறகு கேட்டால் அவனாலும் முடியாது. கண்ணாடி அறை விஷயத்தில் நடந்தது அதுதான். அறையின் காலண்டருக்குள் புகுந்து அங்கே இருந்த பதிவைக் கையால் நீக்கினான். கூட்டத்துக்கு வரவேண்டியவர்கள் அவரவர் நகலை அவரவரே அழித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்னும் சிலர் அழிக்கவில்லை, மூன்று மணிக்கு அவர்கள் போன் கிணுகிணுக்கிறது.

இதில் வேடிக்கை, அறைகளுக்கென்று ஏற்கெனவே ஒரு பூட்டு உண்டு. அவுட்லுக்குக்குப் பின்னால் ஓடும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் புதிதாக ஓர் அறையைச் சேர்த்தால் அது 180 நாளுக்கு அப்பால் பதிவு ஏற்காது. அதைத் தாண்டி ஓடும் தொடர் மீட்டிங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் அலுவலகத்தில் யாரோ பெரியவர் கோபப்பட்டார் என்று அந்தக் கெடுவை எப்போதோ நீட்டிவிட்டார்கள். அதன் பலனைத்தான் வியாழன்தோறும் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

புதிதாக வரும் செயலாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. பாஸுக்கு மீட்டிங் போடும்போது பாஸின் காலண்டரைத் திறந்து அதற்குள் போடுங்கள். அப்போது சொந்தக்காரர் அவர், நீங்கள் அவர் சார்பில் அனுப்புகிறவர். உங்கள் காலண்டரில் போட்டு அவரையும் அழைத்தால், நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போகும்போது அவருடைய கூட்டங்கள் எல்லாம் அநாதை.

லண்டன் விவகாரம் இன்னும் சுவையானது. தொடர் மீட்டிங் ஓடுவது போட்டவருடைய ஊர்க் கடிகாரப்படி. லண்டன்காரர் தன் காலை ஒன்பதுக்குப் போட்டால் நமக்குக் கோடையில் மாலை நாலு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் நமக்கு ஐந்து. அதையே இங்கிருந்து நாலு மணிக்குப் போட்டால் நாம் அசைவதில்லை, அவர்கள்தான் குளிர்காலத்தில் எட்டு மணிக்கு வந்து உட்கார வேண்டும். நாலரைக்குப் பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய ஒருவர் குழுவில் இருந்தால் மீட்டிங்கை நான்தான் போடுவேன். நைசாக. சென்னையோடு இந்தத் தொல்லையே இல்லை, எப்போதும் இரண்டரை மணி வித்தியாசம். சிங்கப்பூர் கடைசியாகக் கடிகாரத்தில் கைவைத்தது 1982 ஜனவரி 1 அன்று. மலேசியாவோடு சேர்ந்து அரை மணி முன்னே தள்ளியது, அதோடு சரி. காலை ஏழுக்குத்தான் இங்கே விடிகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்களுக்குக் காரணமும் அதில் இருக்கிறது.

விடுமுறைகளை நான் காலண்டரிடம் ஒப்படைப்பதே இல்லை. சிங்கப்பூர் விடுமுறைப் பட்டியலை அவுட்லுக்கில் சேர்த்துக்கொள்ளலாம், நல்ல விஷயம். ஆனால் சேர்த்த நாளை அது ‘ஃப்ரீ’ என்றே குறித்துவைக்கும்! வெளியூர்க்காரர் நேரம் தேடும்போது தீபாவளியன்று நாம் எல்லாரும் சும்மா இருப்பதாகவே தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து ‘அலுவலகத்தில் இல்லை’ என்று மாற்றுவது என் ஜனவரி மாதச் சடங்கு. தைப்பூசத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது, 1968க்குப் பிறகு அது இங்கே பொது விடுமுறை இல்லை. காவடி எடுக்கும் என் இயக்குநர் ஒருவருக்கு முதல் நாள் மாலையிலிருந்தே நான் கட்டம் போட்டு அடைத்துவிடுவேன். காரணம் எழுதுவதில்லை, ‘தனிப்பட்டது’ என்று பூட்டுக் குறி மட்டும்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்குப் பதில் திங்கள் விடுமுறை. இப்படி ஈடாக வரும் திங்களை வெளிநாட்டுக்காரர்கள் கவனிக்கவே மாட்டார்கள். எதிர்பார்த்தபடியே லண்டனிலிருந்து திங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. போட்டவர் அவர்கள் ஆள், நான் நகர்த்த முடியாது; மறுத்து அனுப்பினால் ஏன் என்று நாலு மின்னஞ்சல் வரும். நேரே அங்குள்ள செயலாளருக்குப் போன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே செவ்வாய்க்கு மாற்றிவிட்டார், நமக்கு மாலை ஐந்து. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். “செவ்வாய்க்கிழமைன்னா முறுக்கு மிச்சம் இருக்கும்ல?” என்றார்.