சர்வர் நின்ற பிறகு என்ன மிஞ்சும்?

திருச்சியில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, ஃபேன், இன்வெர்ட்டர், டிவி, எது வந்தாலும் பார்ப்போம். இந்தத் தொழிலில் இருப்பதால், புதிதாக வரும் எல்லாக் கருவியும் எனக்குப் பிடிக்கும் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. மச்சினன் அமெரிக்காவில் இருந்து வீடியோ அனுப்பிக்கொண்டே இருப்பான். சட்டையில் ஒட்டிக்கொள்ளும் ஏஐ, விரலில் மாட்டும் ஏஐ, கழுத்தில் தொங்கும் ஏஐ. "எப்படி இருக்கு மாமா?" என்பான். "கம்பெனி மூடிட்டா இது என்னப்பா ஆகும்?" என்று நான் கேட்பேன். அதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்துவிடும்.

சட்டையில் ஒட்டிக்கொள்வது என்றேனே, அது ஹியூமேன் என்ற கம்பெனி விற்ற 'ஏஐ பின்'. ஆப்பிளில் இருந்து வந்த இம்ரான் சௌத்ரி, பெத்தனி பொங்கியோர்னோ தம்பதி ஆரம்பித்தது. முதலீட்டாளர்கள் 23 கோடி டாலர் கொட்டினார்கள். 2024 ஏப்ரலில் ஜனங்கள் கைக்கு வந்தது. விலை 699 டாலர், அது போக மாதம் 24 டாலர் சந்தா. இனிமேல் போனைக் கையில் எடுக்கவே வேண்டாம், உள்ளங்கையை நீட்டினால் அதிலேயே பச்சை வெளிச்சத்தில் எழுத்து விழும் என்றார்கள். வாங்கிப் பார்த்த விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சூடாகிறது, பதில் சொல்ல நேரம் எடுக்கிறது, வெயிலில் உள்ளங்கை எழுத்து தெரியவில்லை. சார்ஜ் போடும் பெட்டியில் இருக்கும் பேட்டரி தீப்பிடிக்கலாம், அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஜூன் மாதம் கம்பெனியே சொன்னது.

2025 பிப்ரவரியில் கம்ப்யூட்டர் கம்பெனியான எச்பி வந்து 11.6 கோடி டாலருக்கு அந்த மென்பொருளையும் காப்புரிமைகளையும் வாங்கி, ஆட்களில் பெரும்பாலோரையும் எடுத்துக்கொண்டது. 'ஏஐ பின்' அந்தக் கணக்கில் இல்லை. அறிவிப்பு வந்து பத்தே நாளில், பிப்ரவரி 28 அன்று, சர்வரை, அதாவது இணையம் வழியாக அதற்கு மூளையாக இருந்த கம்பெனிக் கம்ப்யூட்டரை, நிறுத்திவிட்டார்கள். கடைசி 90 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது. இணையம் தேவைப்படாத வசதிகள் தொடரும் என்றும் அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்கலாம் என்பது. 699 டாலர் கொடுத்தவர் இனி அதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

மட்டமான பொருள் எந்தக் காலத்திலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, சொல்லப்போனால் என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பேரே கேள்விப்படாத மிக்ஸி ஒன்று வரும். செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியிருக்கும். கார்பன் பிரஷ் மாற்றி, கப்ளர் ஒன்று போட்டுக் கொடுத்தால் மறுபடியும் இட்லி மாவு இல்லாவிட்டாலும் சட்னியாவது அரைக்கும். கம்பெனி செத்தது அந்த மோட்டாருக்குத் தெரியவே தெரியாது. இப்போது வருகிற சாமான்களுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

மச்சினன் விடமாட்டான். "அது ஸ்டார்ட்அப் மாமா, பெரிய கம்பெனில வாங்குனா பிரச்சனை இல்ல" என்பான். ரிவால்வ் என்று ஒரு பெட்டி இருந்தது. வீட்டு விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இருந்து இயக்கும். கிட்டத்தட்ட 300 டாலர், வாழ்நாள் முழுக்க சேவை உண்டு என்று சொல்லி விற்றது. 2014இல் கூகுளின் கையில் இருந்த நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வரை அணைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் சார்ஜ் காட்டும் வசதிகூட மிஞ்சவில்லை. கூகுளுக்கா காசு இல்லை? கொஞ்சம் பேர் வைத்திருக்கும் பெட்டிக்கு ஆள் போட்டுக் கட்டிக் காப்பது அவர்களுக்குத் தொல்லை, அவ்வளவுதான். வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும், அதே நெஸ்ட்டின் முதல் இரண்டு தலைமுறைத் தெர்மோஸ்டாட்களுக்கு 2025 அக்டோபரில் ஆப் இணைப்பைத் துண்டித்தார்கள். ஆனால் அது சுவரில் கையால் திருப்பினால் இன்னும் வேலை செய்கிறது. என் கணக்கில் இது மரியாதையான சாவு.

குழந்தைகளுக்கென்று மாக்ஸி என்று ஒரு ரோபோ வந்தது, 799 டாலர். பேசும், கதை கேட்கும், பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். எதிர்பார்த்த முதலீடு கைவிட்டுப்போனதால் 2024 டிசம்பரில் கம்பெனி மூடுகிறோம் என்றது. இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதமும் தயார் செய்து கொடுத்தார்கள். பிறகு யாருக்கோ நல்ல புத்தி வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சர்வரை ஓட்டிக்கொள்ளும்படி ஒரு அப்டேட்டும் விட்டார்கள். அந்தக் கடிதத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். மகன் வெளியூரில் இருந்துகொண்டு, மாடித் தொட்டி மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் வைஃபை சுவிட்ச் வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறான். "தம்பி, கையால அமுக்குனா ஓடுது. போன்ல போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. காலைல தானா தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு" என்றார். ஆப்பைத் தேடினால் ப்ளே ஸ்டோரிலேயே இல்லை. பெட்டியில் போட்டிருந்த கஸ்டமர் கேர் எண்ணில் பாட்டு மட்டும் ஓடியது.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே எதுவும் கெடவில்லை. ரிலே 'டக்'கென்று சுத்தமாக விழுகிறது, கெப்பாசிட்டர் உப்பவில்லை. நடுவில் இருந்தது இஎஸ்பி8266, ஷாங்காய் கம்பெனி எஸ்பிரெசிஃப் செய்யும் மலிவான வைஃபை சிப். பலகை ஓரத்திலேயே சால்டர் வைக்க நாலு புள்ளி: 3.3 வோல்ட், கிரவுண்டு, தகவல் வாங்கும் ஆர்எக்ஸ், அனுப்பும் டிஎக்ஸ். கரண்ட் லைனில் இருந்து முழுசாகக் கழற்றி மேசையில் வைத்துத்தான் இதைத் தொட வேண்டும், மெயின்ஸ் இருக்கும்போது கை வைத்தால் லேப்டாப்பும் போகும், நாமும் போவோம். சிப்பின் ஒரு முனையைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்து 3.3 வோல்ட் கொடுத்தால் புதிய மென்பொருள் ஏற்ற வழி விடும். டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். இப்போது வாத்தியார் வீட்டு வைஃபைக்குள்ளேயே அது ஓடுகிறது. காலைத் தண்ணீருக்கு அந்தக் கம்பெனியின் சர்வர் தேவையில்லை.

அவருக்கு அதிர்ஷ்டம். பின்னால் வந்த பல சுவிட்சுகளில் சிப்பையே மாற்றிவிட்டார்கள், சிலதில் பூட்டும் போட்டுவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்பார்கள். வெளியூரில் இருந்து மோட்டாரை இயக்க ஏதோ ஒரு சர்வர் உதவும், சரி. ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஹால் விளக்கைப் போட, கட்டளை கம்பெனி சர்வர் வரை போய்த் திரும்புவானேன்? போனால்தான் நாம் எத்தனை மணிக்குத் தூங்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும், நாளைக்குச் சந்தா கேட்கவும் முடியும். ஒத்திக்கு வீடு எடுத்தால்கூடக் காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும். இங்கே கிரயம் கொடுத்து வாங்கியவன் வெறுங்கையோடு நிற்கிறான்.

சுவிட்சு போனால் போகட்டும். செகண்ட் சைட் என்ற கலிஃபோர்னியா கம்பெனி, பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகள் கொண்ட தகடு வைத்தது. ஆர்கஸ் 2 என்று பெயர். கண்ணாடியில் கேமரா, கூடவே மாட்டிக்கொள்ள ஒரு ப்ராசஸர். 2013இல் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். முழுப் பார்வை கிடைக்காது. வெளிச்சம் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்கிற அளவுக்குத்தான். 2019இல் அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள், 2020இல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். வைத்துக்கொண்டவர்களின் கதையை ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் என்ற தொழில்நுட்ப இதழ் 2022இல் எழுதியது. ப்ராசஸர் பழுதானால் கம்பெனியில் ஸ்பேர் கிடையாது. எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேட்டுப் பதில் கிடைக்காமல் அலைந்தவரும் இருக்கிறார். இதில் சர்வர் சமாசாரம்கூட இல்லை. ஆனாலும் மிஞ்சியது என்னவோ கண்ணுக்குள் ஒரு தகடு. மூளைக்குள் சிப் வைக்கப் போகிறேன் என்று கிளம்பியிருப்பவர்களின் மேடைப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 350 பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இணையத்தோடு இணையும் சாமானைத் தயாரிப்பவர், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் ஆட்கள் அதே வருஷம் 184 சாமான்களின் இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 89 சதவீதத்தில் அந்த விவரமே இல்லை. பாலுக்கும் மாத்திரைக்கும் தேதி போட முடிகிறவர்களுக்கு இதற்குப் போட முடியாதா? சர்வர் எந்தத் தேதி வரை ஓடும், நின்ற பிறகு இந்தப் பெட்டி என்னென்ன செய்யும், இரண்டு வரி போதும். வாரண்டி கார்டில் கடை முத்திரை குத்தும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே தாராளமாக இடம் இருக்கிறது.