பத்து வருஷமாக வாசிக்காத சீவாளி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் ஏறி நரசிங்கம்பேட்டையில் இறங்கினேன். நாதஸ்வரம் பிறக்கிற ஊர். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்கிற நீளமான நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தது இங்கேதான். நான் போன பட்டறையில் பழைய வீட்டு ஆச்சா மரத்தைக் கடைந்துகொண்டிருந்தார்கள். புது மரம் என்றால் வெடித்துவிடுமாம். இந்த வேலையில் சகுனம் ஏதாவது பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"இங்க எல்லாம் அளவுதான் தம்பி. அதெல்லாம் வாசிக்கிறவங்ககிட்ட கேளுங்க."

சாயங்காலம் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். வாசிக்க வந்த வித்துவானிடம் போய் உட்கார்ந்தேன். உறையிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அனசுக்கு, அதாவது கீழே விரிந்த வாய்க்கு, மேலே திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. ஊதுகிற பக்கம் ஒரு நூலில், வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் நாலைந்தும் அவற்றைச் சரிசெய்யும் குத்தூசியும் தொங்கின. கடைசிச் சீவாளி மட்டும் பழுப்பேறி, ஓரம் கீறிப்போய் இருந்தது.

"இது பேசுமா ஐயா?"

"பேசாது. இது பேசிப் பத்து வருஷம் ஆச்சு. ஆனா இது தொங்கினாத்தான் மத்ததெல்லாம் பேசும்."

தவில்காரர் சிரித்தார். ஒருமுறை அந்தச் சீவாளி வீட்டிலேயே தங்கிவிட்டதாம். பையனை பஸ்ஸில் அனுப்பி எடுத்துவரச் சொல்லிவிட்டு, அது வந்து சேரும்வரை வித்துவான் முதலில் வாசிக்கிற மல்லாரியைத் தொடவில்லை. பெண் வீட்டார் மூன்று முறை காபி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சிரித்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டும்போது சுண்டுவிரலில்தான் தொடங்குவார். இடது கைக்குப் பூவரசங்கழி. அதை யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டார், கீழே வைக்கச் சொல்லித் தானே எடுத்துக்கொள்வார். கையிலிருந்து கைக்குப் போனால் தாளம் சண்டை போடும் என்று முழு நம்பிக்கையோடு சொன்னார்.

எனக்கு இந்த நம்பிக்கைகள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இரண்டரை அடி மரத்தை ஆசாரி அளந்து கொடுத்துவிடுகிறார். விரல் நீளம்கூட இல்லாத அந்த நாணல் சீவாளியை யாராலும் அளவுக்குள் கொண்டுவர முடியாது. ஆற்றங்கரைக் காற்றில் ஒரு மாதிரி பேசும், ஏசி மண்டபத்தில் வேறு மாதிரி. எச்சில் கொஞ்சம் காய்ந்தாலும் சுருதி நழுவும். ஐந்நூறு பேர் முன்னால் முகூர்த்த நேரத்தில் அதை நம்பித்தான் மூச்சை விடவேண்டும். சரி, பழைய சீவாளி ஒன்று கூடவே தொங்கட்டுமே!

மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாயிற்று. நான் எழுந்து காலை எடுத்து வைப்பதற்குள், "தாண்டாதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கீழே வெறும் உறைதான் கிடந்தது. ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போனேன். வாசலைத் தாண்டும்போது மல்லாரி ஆரம்பித்தது. சுருதி அப்படியே நின்றது.