ழான் டிரேஸும் நூறு நாள் வேலையும்

‘நூறு நாள் வேலை’ என்று சொன்னால் நம்ம கிராமங்களில் தெரியாதவர் யாரும் இல்லை. அதற்கான 2005 சட்டத்தின் முதல் வரைவை உருவாக்கியவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் ழான் டிரேஸ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1959-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். டெல்லியில் முனைவர் பட்டம், 2002-இல் இந்தியக் குடியுரிமை. அமர்த்தியா சென்னோடு சேர்ந்து பட்டினி பற்றி எழுதினார், மத்திய அரசுக்கு ஆலோசனை சொன்ன தேசிய ஆலோசனைக் குழுவிலும் இருந்தார்.

ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறு காரணத்தால். சட்டம் வந்ததோடு அவர் ஓயவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் கிராமங்களுக்குப் போனார். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைத் தொழிலாளர்களிடமே விசாரிப்பார்கள்: இந்த ஆள் நிஜமாகவே வேலைக்கு வந்தாரா, எழுதியிருக்கும் கூலி கைக்கு வந்ததா? பொய்க்கணக்கு அங்கேயே வெளிப்படும்.

2005 சட்டத்தில் கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும் என்று இருந்ததே, என்னைக் கேட்டால் அதன் உயிரே அந்த வரிதான். வேலையைச் சலுகையாக இல்லாமல் உரிமையாகக் கேட்க வைத்தது அது.

நம்ம சத்துணவையும் எல்லோருக்குமான ரேஷனையும் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துச் சொல்லிவந்தவரும் அவர். 2021-இல் தமிழக முதல்வரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் அவர் பெயரைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம் எனக்கு.