யாளிக்கு என்ன சாப்பாடு?

கற்பனை விலங்கை வைத்துக் கதை எழுதுகிற பையன்கள், பெண்பிள்ளைகள் சிலர் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புவார்கள். ஆறு கண், மூன்று வால், வாயில் நெருப்பு, முதுகில் இறக்கை என்று எல்லாம் இருக்கும். பசி மட்டும் இருக்காது. கதாநாயகன் வாளோடு வந்து சேரும் வரைக்கும் அந்தக் குகைக்குள் அது எதைத் தின்று உயிரோடு இருந்தது, எங்கே போய்த் தண்ணீர் குடித்தது, அதன் அம்மா எங்கே என்று கேட்டால் 'சார், அது ஃபேன்டஸி' என்று பதில் வரும். ஃபேன்டஸி என்றால் பட்டினி கிடக்கலாமா?

வேலூரில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பாருங்கள். விஜயநகரக் காலத்து வேலை, 16ஆம் நூற்றாண்டு. பின்னங்காலில் எழும்பி நிற்கிற யாளிகளும் பாய்கிற குதிரைகளும் கல் என்றே தோன்றாது. ஆனால் யாளியை விலங்காகப் பார்த்தால் ஒரு நாள் கூடத் தாங்காது. யாளிகளில் சிங்க உடம்புக்குத் தும்பிக்கை வைத்த வகை ஒன்று உண்டு, அதையே எடுத்துக்கொள்வோம். யானைக்குத் தும்பிக்கை தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது: தலை கனம், கழுத்து குட்டை, குனிந்து வாயால் புல்லைக் கடிக்க முடியாது. சிங்கத்துக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அது கழுத்தைத் திருப்பி வாயால் கவ்வித்தான் இரை பிடிக்கிறது. அந்த வாய்க்கு முன்னால் ஒரு தும்பிக்கையைத் தொங்கவிட்டால் மானைக் கவ்வப் போய்த் தன் மூக்கையே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிற்பிக்கு இந்தக் கவலை கிடையாது. அவருடைய யாளி தூணோடு நின்றால் போதும், மேயப் போக வேண்டியதில்லை. நம்முடையது கதைக்குள் நடக்க வேண்டியிருக்கிறது.

இறக்கையும் அப்படித்தான். பறவை, வவ்வால் எதை எடுத்தாலும் இறக்கை என்பது முன்னங்கைதான், கையே இறக்கையாக மாறியிருக்கிறது. நான்கு கால் போக முதுகில் தனியாக இரண்டு இறக்கை வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு உறவுக்காரப் பிராணிகள் இருக்க வேண்டும். அந்த உலகத்து ஆட்டுக்கும் நாய்க்கும் தவளைக்கும் கூட ஆறு உறுப்புகள் இருக்கும், அல்லது இருந்து தேய்ந்துபோன அடையாளமாவது இருக்கும். ஆறுகால் ஆட்டை எப்படிக் கட்டுவார்கள், சந்தையில் எப்படிப் பல் பார்த்து விலை பேசுவார்கள் என்று யோசித்தால் அதுவே நல்ல கதை. ஒரே ஒரு பிராணிக்கு மட்டும் ஆறு, மற்றதெல்லாம் நம் ஊர் மாதிரியே என்றால் படிக்கிறவனுக்கு எங்கோ இடிக்கும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் இடிக்கும். உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்குக் குட்டியும் இல்லை, ஜோடியும் இல்லை என்றால் அது விலங்கு இல்லை, சாமி. சாமிக் கதை எழுதுவது வேறு வேலை.

அளவு பற்றி ரொம்பப் பேச வேண்டாம், கலிலியோ 1638இலேயே எழுதிவிட்டார். நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். எறும்பை யானை அளவுக்கு ஊதினால் முதல் அடியிலேயே கால் ஒடியும். பூச்சிக்கு மூச்சும் முட்டும், ஏனென்றால் அதற்கு நுரையீரல் கிடையாது, உடம்பில் உள்ள துளைகள் வழியாகக் காற்று நேராக உள்ளே போகிறது. சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன்னால் இரண்டடி அகலத்துக்கு இறக்கை விரித்த தட்டான் போன்ற பூச்சிகள் இருந்தது உண்மை, அப்போது காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 சதவீதத்தைவிட மிக அதிகம் என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ராட்சதப் பூச்சி வேண்டும் என்றால் காற்றையும் மாற்றுங்கள். காற்றை மாற்றினால் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் மாற்ற வேண்டிவரும்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிற நாவலில் ஒரு விலங்கு வருகிறது. அதன் உருவத்தைக் கடைசியாகத்தான் முடிவு செய்தேன். முதலில் எடுத்துக்கொண்டது பாலாறு. நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி நம்மிடம் வந்து சேரும்போது வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது, அந்தக் காலத்தில் ஊற்றுக்கால்வாய் வெட்டி அதை வயலுக்குக் கொண்டுபோனார்கள். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மணல் மேல் கால் வைக்க முடியாது, ஆனால் கொஞ்சம் தோண்டினால் குளிர்ச்சி இருக்கும். (எவ்வளவு தோண்டினால் ஈரம் வரும் என்பது மணல் லாரிகளைக் கேட்க வேண்டிய கேள்வி.) அப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கிற பிராணி மணலுக்குள்தான் இருக்கும், இரவில்தான் மேலே வரும், பிள்ளைப்பூச்சியும் வண்டுப்புழுவும் கோரைக்கிழங்கும் தின்னும். தீனி அவ்வளவுதான் என்றால் உடம்பும் அவ்வளவுதான், பன்றிக்குட்டி அளவுக்கு மேல் போகாது. ஊர்க்காரர்கள் அதை ஊத்துப்பன்னி என்கிறார்கள். பன்றிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மூஞ்சி கொஞ்சம் அப்படி இருக்கும்.

மணலுக்குள் வாழ்வது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நான் போய் உட்கார்ந்தது குழியானை முன்னால். பழைய வீட்டுத் திண்ணை ஓரம், மழை படாத புழுதியில், புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, அதுதான். சரிவின் விளிம்பில் ஓர் எறும்பு காலை வைத்ததும் மண் சரிகிறது. எறும்பு மேலே ஏறப் பார்க்கிறது. அடியில் இருந்து ஒரு சின்னத் தலை வெடுக்கென்று மண்ணை வீசுகிறது, குறி பார்த்து இல்லை, சும்மா மேலே வீசுகிறது, விழுகிற மண்ணும் அடியில் சரிகிற மண்ணும் சேர்ந்து எறும்பை இறக்கிவிடுகின்றன. அப்புறம் இரண்டு கொக்கித் தாடைகள், சாறு முழுவதையும் உறிஞ்சல், காய்ந்த கூட்டைக் குழிக்கு வெளியே எறிதல். இந்தப் பூச்சிக்கு மலத்துவாரம் திறந்திருக்காது. பல மாதங்கள் தின்றதன் கழிவை உள்ளேயே வைத்திருந்து, கூட்டுப்புழுவாகி இறக்கை முளைத்து வெளியே வரும்போதுதான் தள்ளுகிறது. இதைக் கதையில் நானாக எழுதியிருந்தால் 'கொஞ்சம் ஓவர்' என்பீர்கள். ஆனால் பொருத்திப் பாருங்கள்: சாறு மட்டும் குடிக்கிறது, கழிவு மிகக் குறைவு, உட்கார்ந்த குழியை அசுத்தப்படுத்தவும் தேவையில்லை. பிழைப்பில் இருந்து வருகிற விசித்திரம் என்பதால் நம்ப முடிகிறது.

இரையைக் கண்டுபிடிப்பதற்கு மணல்தேள் கைகொடுத்தது. அமெரிக்காவில் மொஹாவி பாலைவனத்துத் தேள்களை வைத்து பிரவுனெல் என்கிற ஆய்வாளர் 1977இல் எழுதினார். தேளின் எட்டுக் காலும் வட்டமாக மணலில் ஊன்றியிருக்கும். பூச்சி அசைந்தால் மணலில் அதிர்வு அலையாகப் பரவுகிறது, எந்தக் காலில் முதலில் படுகிறதோ அந்தத் திசையில் தேள் திரும்புகிறது. என் பிராணிக்குக் கண் சிறியது, காது மடல் இல்லை, நான்கு பாதமும் தாடையும் மணலில் பதித்துக் கேட்கும். இது முடிவானதும் ஒரு விஷயம் தானாக வந்து விழுந்தது. மணல் எடுக்கிற இடத்தில் அது குருடு. லாரியும் பொக்லைனும் ஓடுகிற இடத்தில் புழு நகர்வது அதற்குக் கேட்காது, ஆகவே பட்டினி கிடந்து வேறு இடம் போகும். வில்லனை நான் தேடவே இல்லை.

அப்புறம் வெள்ளம். பாலாற்றில் வெள்ளமா என்று சிரித்தவர்கள் 2021 நவம்பருக்குப் பிறகு சிரிப்பதில்லை. ஆப்பிரிக்க நுரையீரல் மீன் குளம் வற்றினால் சேற்றுக்குள் போய்ச் சளியால் உறை செய்துகொண்டு மழை வரும்வரை கிடக்கும், வருடக்கணக்கில் கூடத் தாங்கும். என் பிராணிக்குத் தலைகீழ்ப் பிரச்சினை, அதற்கு வறட்சிதான் வீடு, தண்ணீர்தான் ஆபத்து. மேற்கே தண்ணீர் புரண்டு வருவதைத் தாடையால் முதலில் அறிவது அதுதான். மனிதர்களுக்குத் தண்டோரா போடும் முன்னால், ஒரு ராத்திரி, கரை ஏறி நூற்றுக்கணக்கில் ஊருக்குள் வருகிறது. நாவலின் முதல் அத்தியாயம் அதுதான்.

கரையோரம் நிலம் வைத்திருக்கிற சித்தப்பாவிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேள், அதிர்வு, எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, சொட்டுநீர் பைப்பைக் கடிக்குமா? அத்த சொல்லு மொதல்ல" என்றார்.

கடிக்கும். கடிக்காமல் எப்படி? மே மாதத்தில் ஊற்று கீழே போய்விட்டது, பைப்புக்குள் தண்ணீர் ஓடுகிற அதிர்வு பாதத்தில் தெரிகிறது. அந்த ஒரு கேள்வியில் விவசாயிகள் பகையாகிவிட்டார்கள், பைப்பைப் புதைக்கலாமா தூக்கிக் கட்டலாமா என்கிற சண்டை வந்துவிட்டது, நஷ்டஈடு மனு வந்துவிட்டது. விலங்கைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நம்பிக்கை பிறக்கிறது என்று எனக்கு அன்றைக்கு உறுதியானது. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தால் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? மாட்டை சீக்கிரம் பிடித்துக் கட்டுவதும், பிள்ளைகளை இருட்டும் முன்னால் கூப்பிட்டுக்கொள்வதும், வனத்துறை கேமரா வைப்பதும்தான் நமக்குச் சிறுத்தை. முனிக் கதைகளிலும் இதே சூட்சுமம். முனியின் முகம் எப்படி என்று சொல்ல ஆள் இருக்காது. எந்தப் புளியமரம், எந்த நேரம், அதனால் யார் எந்த வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறார் என்பது மட்டும் துல்லியமாக இருக்கும்.

ஆகவே எங்கள் ஊரில் ஊத்துப்பன்னி இருந்தால் என்னென்ன நடக்கும் என்று எழுதிக்கொண்டே போனேன். அதன் கொழுப்பு மூட்டுவலிக்கு நல்லது என்று பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒருவர் பாட்டிலில் விற்பார், உடும்பை வைத்து நடக்காததா? உடும்பைப் போலவே இதுவும் 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும், பாட்டில்காரர் ஒரு நாள் மாட்டுவார். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் தொழிலிலேயே வாழ்கிற பகுதியில் அதன் தோலை ஒருவர் கூட ஊறவைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றால் நம்ப முடியுமா? பார்த்திருப்பார்கள், மணல் தேய்த்துத் தேய்த்து மேல்தோல் கீறலாக இருக்கும், ஷூவுக்கு ஆகாது என்று விட்டிருப்பார்கள். தொழிற்சாலைக் கழிவு ஊறிய மணலில் அது இருக்காது. ஆகவே ஆற்றில் எந்த இடத்தில் குடிக்கத் தகுந்த தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரியவர்கள் அதன் வளையைத்தான் பார்ப்பார்கள். பிரியாணி போட்டுப் பார்த்தார்களா என்று கேட்காத நண்பர் இல்லை. கோரைக்கிழங்கு நாற்றம் அடிக்கும், போதுமா?

இதில் முக்கால்வாசி நோட்டிலேயே இருக்கிறது. நாவலில் வருகிற ஒரு வரி மட்டும் சொல்கிறேன்: ஆற்றோரம் மாடு கட்டுகிறவர்கள் முளைக்குச்சியை அடிக்கும் முன்னால் அந்த இடத்தைக் காலால் இரண்டு முறை மிதிக்கிறார்கள். ஏன் என்று விளக்கிவிடு, வாசகர்களுக்குப் புரியாது என்கிறார் கைப்பிரதியைப் படித்த நண்பர். அவரும் இரண்டு முறை மிதித்துவிட்டுத்தான் அடிப்பார் என்று நினைக்கிறேன், அந்த ஊரில் பிறந்திருந்தால். விளக்கம் சேர்ப்பதாக இல்லை.