வீட்டைப் பறித்த பாடசாலைகள்

மலையகத்தில் பிறந்த எங்களுக்குப் பாடசாலை என்பது ஏறக்குறைய கோயில். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு எழுத்து எதற்கு என்று எண்ணிய துரைமார் காலத்தில், பெயரளவில் ஓர் ஆசிரியரோடு நடந்த தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே எங்களில் பலர் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளைத் தாண்டி வெளியே வர முடிந்தது. ஆகவே, பாடசாலை என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு மக்கள் கூட்டம் நடுங்கும் என்பது எனக்கு எளிதில் பிடிபடவில்லை. டொரன்டோவிலுள்ள உறவினர்கள், செப்டெம்பர் 30ஆம் திகதியை ஒட்டித் தம் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை அணிந்து நிற்கும் படங்களை அனுப்புவார்கள். அந்தச் சட்டையைப் பற்றி விசாரித்ததில்தான் கனடாவின் வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பாட்டி வாங்கிக் கொடுத்த புதிய செம்மஞ்சள் சட்டையோடு வதிவிடப் பாடசாலைக்குப் போன ஆறு வயதுச் சிறுமி பிலிஸ் வெப்ஸ்டாட்டிடமிருந்து, முதல் நாளிலேயே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பக் கிடைக்கவேயில்லை. அந்தச் சட்டையின் நினைவாகவே செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் அணிகிறார்கள். அரசு பணம் கொடுக்க, கத்தோலிக்க, அங்கிலிக்கன் முதலிய திருச்சபைகள் நடத்திய இந்த விடுதிப் பாடசாலைகளுக்கு, கனடாவின் பழங்குடிகளான முதற்குடிகள், இனுயிட், மேற்றி மக்களின் பிள்ளைகள் ஏறத்தாழ 150,000 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1920இல் சட்டமே இதைக் கட்டாயமாக்கத் துணை வந்தது. தாய்மொழி பேசினால் தண்டனை, பெயருக்குப் பதிலாகப் பல இடங்களில் இலக்கம், அரை நாள் படிப்பு, அரை நாள் வேலை. ஒரே கூரையின் கீழ் இருந்த அண்ணனும் தங்கையும்கூடப் பேசிக்கொள்ள முடியாது. காசநோயால் பிள்ளைகள் சாவதை மருத்துவர் பீற்றர் பிரைஸ் 1907இலேயே அறிக்கையாக எழுதியும் அரசு அசையவில்லை. கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்.

எல்லாம் முடிந்துபோன கதைதானே என்று கேட்பவர்கள், பாதிப்பை அங்கே படித்தவர்களிடம் மட்டுமே தேடுகிறார்கள். மணியோசைக்கு எழுந்து, வரிசையில் நின்று, அடிக்குப் பயந்து வளர்ந்த பிள்ளை, அழும் குழந்தையை ஒரு தாய் எப்படித் தேற்றுவாள் என்பதைக் கண்ணால் காணாமலே பெரியவளாகிறாள். அவள் தாயாகும்போது அவளுக்குத் தெரிந்த வளர்ப்பு, விடுதியின் கண்டிப்பு ஒன்றுதான். தம் பாட்டியின் மொழி வாயில் வந்தால் அடி விழும் என்று பழகியவர்கள், பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியே அம்மொழியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டார்கள். தாமே அங்கு சென்றிராத, ஆனால் பெற்றோர் சென்றிருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர் எமி பொம்பேயும் அவரது குழுவினரும் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டங்களிலிருந்து சிறு வயதில் தரகர் கையில் ஒப்படைக்கப்பட்டு, கொழும்பு வீடுகளில் வேலைக்காரப் பிள்ளையாக வளர்ந்து திரும்பிய பெண்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அவர்களில் சிலர் குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக உடுத்துவார்கள். மடியில் போட்டுக் கொஞ்ச மட்டும் கை வராது. ‘கல் மனசுக்காரி’ என்று லயத்தில் பேசுவார்கள், அவளைக் கொஞ்சி வளர்த்தவர் யாருமில்லை என்பதை நினைக்காமல். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே பிள்ளையை அனுப்பியது வறுமை. அங்கே இழுத்துச் சென்றது அரசு, அதுவும் ஓர் இனத்தின் அடையாளத்தையே துடைத்துவிடும் நோக்கத்தோடு.

2008இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2022இல் பாப்பரசர் பிரான்சிஸ் கனடாவுக்கே சென்று கேட்டார். மன்னிப்புகளை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் 2016 குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பழங்குடியினர் 7.7 சதவீதம், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு குடும்பங்களின் வளர்ப்பு வீடுகளில் இருந்த அதே வயதினரில் 52.2 சதவீதம். முதற்குடிப் பிள்ளைகளின் நலச் சேவைகளுக்குக் குறைவாகப் பணம் ஒதுக்கி அரசு பாகுபாடு காட்டியது என அதே ஆண்டில் கனேடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த, நடவடிக்கைக்கான 94 அழைப்புகளில் முதல் ஐந்தும் பிள்ளை நலனைப் பற்றியவை. கல்வியும் மொழியும் அதற்குப் பின்னரே வருகின்றன. அந்த வரிசை சரியானது என்பதே என் எண்ணம். 2023இல் நீதிமன்றம் ஏற்ற 23 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டின் பெரும்பகுதி, 1991க்குப் பின்னர் நலச் சேவைகளின் பெயரால் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் உரியது.